திரைக்குப் பின்னால் வாசித்தால் ஆணென்ன, பெண்ணென்ன?

மார்கழி பிறந்தால் சென்னை சபாக்களில் கச்சேரி களை கட்டுகிற மாதிரி, லண்டனிலும் ஒரு சீசன் உண்டு. 'பிராம்ஸ்' என்று பெயர். ஜூலை நடுவில் ஆரம்பித்து செப்டம்பர் நடு வரை எட்டு வாரம், ராயல் ஆல்பர்ட் ஹால் என்ற வட்டமான பெரிய மண்டபத்தில் கச்சேரி மேல் கச்சேரி. 1895-ல் குயின்ஸ் ஹால் என்ற வேறு மண்டபத்தில் தொடங்கியது. 1941-ல் யுத்தத்தில் குண்டு விழுந்து அது எரிந்து போனதால் இங்கே மாற்றினார்கள்.

இந்த சீசனுக்கு உலகம் முழுக்க இருந்து சிம்பொனி இசைக்குழுக்கள் விருந்தாளியாக வருகின்றன. முதன்முதலாக வந்த வெளிநாட்டுக் குழு, 1966-ல் மாஸ்கோ வானொலி இசைக்குழு. அதன் பிறகு வியன்னா, பெர்லின், அமெரிக்கா என்று எத்தனையோ குழுக்கள் வந்து விட்டன.

சிம்பொனி என்றாலே பணக்காரர்கள் சமாசாரம் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் இங்கே மேடைக்கு நேர் எதிரில் நின்று கொண்டே கேட்கலாம். 2024-ல் அந்த டிக்கெட் 8 பவுண்டுதான். அவ்வளவு பெரிய குழுவை இந்த விலைக்குக் கேட்பது அந்த ஊரில் மலிவு!

தங்கையின் பிரசவத்துக்காக அந்த வருஷம் லண்டன் போயிருந்தேன். ஆகஸ்ட் 31-ம் தேதி பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவின் கச்சேரி. ''பிள்ளையை நாங்க பார்த்துக்கறோம், நீ ஒரு தடவை போயிட்டு வாக்கா'' என்று தங்கை சொல்ல, அவள் வீட்டுக்காரர் காலையிலேயே கம்ப்யூட்டரில் டிக்கெட் வாங்கித் தந்தார்.

அடேயப்பா! மேடை கொள்ளாமல் ஆட்கள். வயலின் மட்டுமே வரிசை வரிசையாக. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய வயலின், குழல்கள், பித்தளை வாத்தியங்கள், கடைசியில் அண்டா மாதிரி முரசுகள். முன்னால் கையில் சின்னக் குச்சியோடு ஒருவர். அவரை 'கண்டக்டர்' என்கிறார்கள் (பஸ் கண்டக்டர் இல்லை!). அவர் கை அசைந்தால் அத்தனை பேரும் ஒரே மூச்சில் வாசிக்கிறார்கள்.

எனக்கு ராகம், தாளம் ஒன்றும் புரியவில்லை. சும்மா நிற்பானேன் என்று பெண்களை எண்ண ஆரம்பித்தேன். பத்தைத் தாண்டியதும் இசையில் மனசு போய் கணக்கு விட்டுப் போச்சு. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் தங்கை வீட்டுக்காரர் சிரித்துக் கொண்டே, ''அக்கா, அந்தப் பத்துப் பேர் அங்க உட்கார எத்தனை வருஷமாச்சு தெரியுமா?'' என்று கேட்டு, பல விஷயங்களைப் படித்துக் காட்டினார். அதைத்தான் சகோதரிகளோடு பகிர்ந்து கொள்கிறேன்.

பெர்லின் குழு தொடங்கியது 1882-ல். முதல் பெண்ணை நிரந்தரமாகச் சேர்த்தது 1982-ல். முழுசாக நூறு வருஷம்! லண்டனில் மட்டும் 'பிராம்ஸ்' கச்சேரிகளை வளர்த்த ஹென்றி வுட் என்பவர், 1913-லேயே தன் குழுவில் ஆறு பெண்களைச் சேர்த்து விட்டார்.

வியன்னா பில்ஹார்மோனிக் கதை இன்னும் மோசம். 1842-ல் தொடங்கிய குழு, 1997 வரை ஒரு பெண்ணைக்கூட உறுப்பினராக ஏற்கவில்லை. அன்னா லெல்கஸ் என்பவர் அங்கே இருபது வருஷத்துக்கும் மேலாக 'ஹார்ப்' என்ற நரம்பு வாத்தியம் வாசித்தார். ஆனால் உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. டி.வி.யில் காட்டும்போது தன் கைகளை மட்டும் காட்டுவார்கள், முகத்தைக் காட்ட மாட்டார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். வேலை செய்யக் கை வேண்டும், முகம் வேண்டாம்! இது நம் வீடுகளுக்கும் பழக்கமான கதைதானே?

பெண்களை ஏன் சேர்க்கவில்லை என்பதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று - பிரசவ லீவு! பச்சை உடம்புக்காரியான தங்கையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம்.

பிறகு எப்படி மாறினார்கள்? 1997-ல் அந்தக் குழு அமெரிக்காவுக்குக் கச்சேரி செய்யப் புறப்பட இருந்தது. 'பெண்களைச் சேர்க்காத குழு இங்கே வந்தால் போராட்டம் நடத்துவோம்' என்று அமெரிக்கப் பெண்கள் அமைப்புகள் கிளம்பின. சொந்த நாட்டிலும் நெருக்கடி. பயணத்துக்குச் சில நாள் முன்பு, பிப்ரவரியில் ஓட்டெடுத்து அன்னா லெல்கஸை உறுப்பினராக்கினார்கள். வீட்டுக்குள் இருந்தவரை யாரும் கேட்கவில்லை. நாலு ஊருக்குப் போனபோது நாலு பேர் கேட்டார்கள்.

அமெரிக்காவில் இன்னொரு நல்ல வழியும் வைத்திருக்கிறார்கள். ஆள் எடுக்கும் பரீட்சையில் குறுக்கே திரை கட்டி விடுகிறார்கள். வாசிப்பது ஆணா, பெண்ணா என்று தெரியாது. செருப்புச் சத்தத்தை வைத்துக்கூடக் கண்டுபிடிக்கக் கூடாதென்று தரையில் கம்பளம் விரிப்பதும் உண்டு. 1970-களிலிருந்து இது பரவிய பிறகு, அங்கே பெண்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். திறமை அதற்கு முன்பும் இருந்தது. கேட்கிற காதுக்குத்தான் திரை தேவைப்பட்டது.

'பிராம்ஸ்' சீசனின் கடைசி நாள் கச்சேரியை ஒரு பெண் முதன்முதலாக நடத்தியது 2013-ல். அவர் அமெரிக்காவைச் சேர்ந்த மரின் ஆல்சப். பெர்லின் குழுவில் முதல் வயலின் தலைமை இடத்துக்கு முதல் முறையாக ஒரு பெண் வந்தது 2023-ல்.

ஏழாவது படிக்கும் என் மகள் ஒரு வருஷமாக மிருதங்கம் கற்றுக் கொள்ளக் கேட்கிறாள். ''பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு மிருதங்கம்? பாட்டு, வீணைன்னு எவ்வளவோ இருக்கே'' என்பது என் மாமியாரின் வாதம். ஊர் திரும்பியதும் இந்தக் கதை முழுவதையும் அவர்களுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ''சரி, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்கறேன். தாளம் தப்பாம வாசிச்சா சரி'' என்றார்கள். விஜயதசமிக்குச் சேர்த்து விட்டோம்.

சகோதரிகளே, நம் பெண்கள் எந்த வாத்தியத்தை, எந்தத் தொழிலை விரும்பிக் கேட்டாலும், 'இது பெண்ணுக்கு ஆகாது' என்று சொல்லும் முன் மனசில் ஒரு திரை கட்டிப் பாருங்கள். முதலில் காது கேட்கட்டும். அப்புறம் வாய் பேசட்டும்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.