இருப்புப்பாதை அருங்காட்சியகம் காணச் செல்வோர்க்கு

தமிழ்த்துறை மாணவர்களின் கல்விச் சுற்றுலா என்றதும் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளும், சரசுவதி மகாலின் ஓலைச்சுவடிகளும், தரங்கம்பாடி அச்சுக்கூடத்தின் கதையுமே நம் நினைவிற்கு வருகின்றன. அவை காணத்தக்கனவே. ஆயினும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் நன்செய் நிலங்களின் ஊடே கிடக்கும் இருப்புப்பாதையும் ஓர் ஆவணம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. திருச்சிராப்பள்ளிச் சந்திப்புக்கு அருகில் 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தென்னக இரயில்வேயின் பாரம்பரிய மையம் அந்த ஆவணத்தைப் படிக்கத் தொடங்குவதற்கு ஏற்ற இடமாகும். புதுதில்லியில் 1977-இலும், சென்னைப் பெரம்பூரில் 2002-இலும் அமைந்த இரயில் அருங்காட்சியகங்களோடு ஒப்பிட இது சிறியது. எனினும் காவிரிப் படுகை மக்களாகிய நமக்கு இதுவே நெருக்கமானது. காரணத்தைச் சற்று விரித்துரைப்போம்.

தென்னகத்தின் முதல் புகைவண்டி 1856 சூலை முதல் நாளன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கி ஓடியது. அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின், சென்னையோடு எத்தொடர்பும் இன்றித் தனியாக ஒரு பாதை நாகப்பட்டினத்தில் பிறந்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா இரயில்வே என்னும் ஆங்கிலேயக் குழுமம் 1861-இல் நாகையிலிருந்து தஞ்சை வரையிலும், 1862-இல் திருச்சி வரையிலும் ஏறத்தாழ 125 கிலோமீட்டர் நீளத்திற்கு இதனை அமைத்தது. துறைமுகத்தையும் நெல் விளையும் நாட்டையும் இணைப்பதே நோக்கம் என்பது வரைபடத்தைப் பார்த்த அளவிலேயே விளங்கும். 1874-இல் இக்குழுமம் வேறொன்றுடன் இணைந்து தென்னிந்திய இரயில்வே எனப் பெயர் பெற்றது.

இங்கு ஒரு விந்தை உண்டு. இப்பாதை முதலில் 1676 மில்லிமீட்டர் அகலமுள்ள அகலப் பாதையாகவே இடப்பெற்றது. சிக்கனம் கருதி அரசு மீட்டர் பாதையை ஏற்றபின், 1870களில் அது 1000 மில்லிமீட்டராகக் குறுக்கப்பட்டது. பின்னர் 1990களின் இறுதி தொடங்கிப் படிப்படியாக மீண்டும் அகலமாயிற்று. ஆக, நாம் இன்று காணும் அகலப் பாதை, கொள்ளுப்பாட்டனார் காலத்து அளவிற்கே திரும்பி வந்ததாகும்!

இன்னொரு பாதையும் நம் சிந்தைக்குரியது. மாயூரத்திலிருந்து திருவாரூர் வழியே முத்துப்பேட்டைக்கு 1894-இல் திறக்கப்பட்டு, 1903-இல் அறந்தாங்கி வரை நீண்ட பாதையைக் கட்டுவித்தது தஞ்சை மாவட்ட வாரியம். அதற்கென நிலத்தின் மீது தனித் தீர்வை விதிக்கப்பட்டது. நம் முன்னோர் தந்த பணத்தில் எழுந்த பாதை அது. இன்று அவ்வழியே செல்வோருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

அருங்காட்சியகம் காண்பதற்கு இவ்வளவு முன்னுரை எதற்கு என மாணவர் வினவலாம். அறியாமற் சென்றால் பழைய விளக்கும், மணியும், கடிகாரமும் கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதைக் கண்டு அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிடுவோம். அறிந்து சென்றால் ஒவ்வொரு பொருளும் பேசும். ஆகவே புறப்படுவதற்கு இரு கிழமை முன்பே ஒரு மாலை வகுப்பை இதற்கென ஒதுக்குதல் வேண்டும்.

செல்லும் நாளைத் தெரிவதிலும் கருத்து வேண்டும். வெள்ளிக்கிழமையை விலக்கிவிடலாம்; ஜும்ஆத் தொழுகைக்கு நடுப்பகலை ஒதுக்கியபின் காண்பதற்குப் பொழுது எஞ்சாது. சனிக்கிழமை பொருந்தும். வார விடுமுறை, கட்டணம், நிழற்படம் எடுக்க இசைவு ஆகியன மாறுதலுக்கு உட்பட்டவை. ஆதலால் கல்லூரி முகவரித்தாளில் முன்னரே எழுதிக் கேட்டு, மாணவர் எண்ணிக்கையையும் தெரிவித்துவிடுதல் முறையாகும். நாற்பது பேர் ஒரே அறைக்குள் நெருக்கினால் எவர்க்கும் பயனில்லை. இரு குழுக்களாகப் பிரிவது நன்று.

பேருந்தில் செல்வதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். நாகையிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ இரயிலில் செல்வதே பாடத்தின் முதற்பகுதி. கீழ்வேளூர், கொரடாச்சேரி, நீடாமங்கலம், சாலியமங்கலம், தஞ்சை, பூதலூர், திருவெறும்பூர் என அந்த 1861, 1862ஆம் ஆண்டுகளின் தடத்திலேயே நாம் செல்கிறோம். இடையில் கோவில்வெண்ணி வரும். கரிகாலன் வென்ற வெண்ணிப்பறந்தலை அவ்வூரே என்பர். வெண்ணிக் குயத்தியாரின் புறப்பாட்டைப் பாடம் கேட்ட மாணவர் அங்கேனும் சாளரத்தின் வழியே பார்க்க வேண்டாவா? ஆற்றுப் பாலங்களையும் சிறு மதகுகளையும் எண்ணிக்கொண்டே வரச் சொல்லலாம். மேடு பள்ளமற்ற சமவெளியில் நெடுங்கரை போட்டால் வெள்ளம் வடிய வழி வேண்டும். ஆகவேதான் இத்தனை கண்வாய்கள். அவை போதாத இடங்களில் கரையின் ஒருபுறம் நீர் தேங்குவதை உழவர் நன்கறிவர்.

அருங்காட்சியகத்தில் கருதிப் பார்க்க வேண்டிய பொருள்கள் இரண்டினை மட்டும் இங்குச் சுட்டுவோம். ஒன்று, ஒற்றைப் பாதைக் காலத்தின் பந்து டோக்கன் கருவி. அடுத்தடுத்த இரு நிலையங்களின் கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு நிலையத்தில் பந்து ஒன்றை வெளியே எடுத்துவிட்டால், அதனை மீண்டும் ஏதேனும் ஒரு கருவிக்குள் இடும்வரை மற்றொரு பந்து வெளிவராது. அந்தப் பந்தைக் கையில் பெற்ற ஓட்டுநரே அப்பாதையில் செல்லலாம். ஆதலின் எதிரெதிரே இரு வண்டிகள் வர இயலாது. பிரம்பு வளையத்தோடு கூடிய தோற்பையில் அதனை வைத்து நிலையப் பணியாளர் நீட்ட, ஓடும் வண்டியிலிருந்து கையால் வாங்கிச் செல்லும் காட்சியை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் வியந்து கூறுவர்.

மற்றொன்று, எட்மன்சன் என்னும் ஆங்கிலேயர் வகுத்த சிறு அட்டைச் சீட்டு. வரிசை எண்ணும் ஊர்ப்பெயரும் முன்னரே அச்சிடப்பட்டிருக்கும்; நாள் மட்டும் விற்கும்போது பதிக்கப்படும். மாலையில் எஞ்சிய சீட்டின் எண்ணைப் பார்த்தே எத்தனை விற்றன எனக் கணக்கிட்டுவிடலாம். கணினிச் சீட்டு வந்தபின் இது மறைந்தது.

பொருள்கள் சொல்லாதவற்றையும் நாம் கேட்க வேண்டும். குழுமத்தின் பெரிய பணிமனை முன்பு நாகையில் இருந்தது. 1920களின் இறுதியில் அது பொன்மலைக்கு மாறியது. ஆட்குறைப்பை எதிர்த்து 1928 சூலையில் நிகழ்ந்த தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தத்தில் சிங்காரவேலர் கைதாகிச் சிறைத்தண்டனை பெற்றார். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிர் நீத்தனர். நிலைய உணவு விடுதிகளில் பிராமணர்க்கும் பிறர்க்கும் தனித்தனி இடம் என்றிருந்த வழக்கம், நீண்ட எதிர்ப்பிற்குப் பின் 1941-இல் நீக்கப்பட்டது. பித்தளை மெருகு ஏறிய இயந்திரத்தை மட்டும் கண்டு திரும்பும் மாணவர்க்கு இவை தெரியாமலே போகும். எந்தப் பேழையில் இவை உள, எதில் இல்லை என்பதைக் குறித்து வருமாறு அவர்களைப் பணிக்கலாம்.

நம் சமுதாயத்தின் வரலாறும் இப்பாதையில் கிடக்கிறது. நாகூர்க் கந்தூரிக்குத் திரண்ட கூட்டம் ஒருபுறம். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் முதலிய ஊர்களிலிருந்து பர்மாவிற்கும் மலாயாவிற்கும் இலங்கைக்கும் சென்ற சபராளிகள் மறுபுறம். நாகையில் இரஜூலாக் கப்பல் ஏறியோரும், போட் மெயிலில் தனுஷ்கோடி சென்று கடல் கடந்தோரும் நம் இல்லங்களிலேயே இருந்தனர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் அவ்வழி முடிந்தது. பம்பாய்க்கு இரயிலேறி அங்கிருந்து ஹஜ்ஜுக்குக் கப்பலேறியோரை வழியனுப்ப நிலையத்தில் ஊரே கூடியதைச் சொல்வதற்கு இன்று சிலரே உள்ளனர். அவர்தம் வாய்மொழி எந்தப் பேழையிலும் இல்லை. அவர்கள் மறைந்தால் அதுவும் மறையும்.

ஆகவே அருங்காட்சியகம் செல்லுமுன் ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் எழுபது வயது கடந்த ஒருவரைக் கண்டு, அவர் கூறுவதை அவர் சொற்களிலேயே எழுதி வருதல் வேண்டும் என்று ஒரு விதி வகுக்கலாம். பாட்டிமார்களை மறந்துவிடலாகாது, வழியனுப்பியவர்களே மிகுதியாக நினைவு வைத்திருப்பர். தமிழ்த்துறைக்கு இதில் தனிப்பயனும் உண்டு. புகைவண்டி, இருப்புப்பாதை, கைகாட்டி, தொடர்வண்டி என அறிஞர் ஆக்கியனவும், கேட்டு, கேங்குமேன், பாசஞ்சர் என மக்கள் ஏற்றனவும் ஆகிய சொற்களைத் திரட்டினால் நல்லதோர் அகராதியே அமையும். சிந்து, கும்மி வடிவில் புகைவண்டியைப் பாடிய மலிவுப் பதிப்பு நூல்களும் பழைய வீட்டுப் பரண்களில் கிடைக்கக்கூடும்.

திரட்டிய குறிப்பேடுகளை மதிப்பெண் இட்டபின் பழைய தாளோடு போட்டுவிடாமல், ஊர்வாரியாக அடுக்கிக் கட்டடம் செய்து கல்லூரி நூலகத்தில் ஒரு படியும், ஊர் ஜமாஅத்தில் ஒரு படியும் வைக்கலாம். மூன்றாம் படி ஒன்றைத் திருச்சி மையத்திற்கே அனுப்பிவைப்போம்.