பகடையில் விழுந்தது நான்கு

“சித்தி, பகடையில எவ்வளவு விழுந்துச்சு?”

கேட்டவன் என் அக்கா மகன். வயது 14. எங்கள் வீவக வீட்டின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அவன், அவனுடைய பள்ளி நண்பர்கள் இருவர், என் அலுவலகத் தோழி, நான். நடுவில் முறுக்கு டப்பா. என் முன்னால் நிறுத்தியிருந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் கிடந்த பகடையில் 4 என்று தெரிந்தது.

“16. உன் மந்திரம் பலிக்கல,” என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லாமல் தன் தாளில் ஒரு மந்திரத்தை அடித்துவிட்டான். நான் பொய் சொன்னது அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நாங்கள் ஆடுவது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற அமெரிக்கர் இருவர் உருவாக்கி, 1974இல் வெளிவந்த விளையாட்டு. ஒருவர் ‘டன்ஜன் மாஸ்டர்’. கதை சொல்வதும் எதிரிகளை ஆட்டுவிப்பதும் அவர் வேலை. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். செய்ய நினைப்பதை வாயால் சொல்ல வேண்டும். அது நடக்குமா என்பதை 20 முகப் பகடை முடிவு செய்யும்.

அன்று இறுதிச் சண்டை. மூன்று மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் துரத்திய கடற்கொள்ளைத் தலைவன் ஒருவழியாக எதிரே நின்றான். அவன் பேச வேண்டிய வசனமே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். முதல் சுற்றிலேயே அக்கா மகனின் மந்திரவாதி ‘ஹோல்ட் பர்சன்’ மந்திரத்தை ஏவினான்.

இது மனிதரை அசையவிடாமல் கட்டிப்போடும் மந்திரம். எதிரி பகடை வீசித் தப்பிக்க வேண்டும். தவறினால் அவனுடைய அடுத்த முறையின் முடிவில்தான் மீண்டும் வாய்ப்பு. அதற்குள் ஐந்தடி தூரத்திலிருந்து அவன்மேல் விழும் ஒவ்வொரு வெட்டும் பெருங்காய வெட்டாகிவிடும். நான்கு பேர் சூழ்ந்தால் கதை முடிந்தது.

தப்பிக்க 15 தேவை. விழுந்த 4உடன் தலைவனின் மனவலிமைக்காக 2 சேர்த்தாலும் 6தான். மூன்று மாத உழைப்பு ஐந்து நிமிடத்தில் முடிவதை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் அவன் வந்தான். ஆனால், மந்திரமே போடவில்லை. கைத்தடியால் அடித்துக்கொண்டிருந்தான். “ஏன்டா?” என்று தோழி கேட்டபோது, “போட்டா மட்டும் பலிக்கவா போகுது, அக்கா?” என்றான்.

அந்தப் பதில் சுட்டது. ஆட்டத்தை நிறுத்தி எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். தலைவனைப் பிடித்தது அவன்தான் என்று கதையையும் திருத்தினேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து விதிநூலைப் புரட்டினேன். வலுவான மந்திரத்தைச் சமாளிக்க நேர்மையான வழிகள் அதிலேயே இருந்தன.

மூன்று தாயத்துகள்

2014ஆம் ஆண்டுப் பதிப்பில், முதிர்ந்த டிராகன் போன்ற பெரும் எதிரிகளுக்கு ‘லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ்’ உண்டு. பகடை கைவிட்டாலும், நாளுக்கு மூன்று முறை தப்பித்ததாக மாற்றிக்கொள்ளலாம். இதை மறைத்து வைத்தால் அதுவும் ஏமாற்றுதான். அதனால், என் புதிய வில்லியான சூனியக்காரியின் கையில் மூன்று தாயத்துகளைக் கட்டிவிட்டேன். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் ஒன்று வெடிக்கும். அனைவரும் அதைப் பார்ப்பார்கள்.

அவளைத் தனியாகவும் விடவில்லை. நான்கு பேர் நான்கு காரியம் செய்யும்போது வில்லி ஒன்று மட்டும் செய்தால் அவள் தோற்பது உறுதி. எனவே வில்லாளிகள் சிலரைச் சேர்த்தேன். ‘ஹோல்ட் பர்சன்’ நீடிக்க, ஏவியவரின் கவனம் கலையக்கூடாது. அம்பு பட்டால் அவர் பகடையில் குறைந்தது 10 எடுக்க வேண்டும், அல்லது பட்ட காயத்தில் பாதி. இரண்டில் எது அதிகமோ அது.

இன்னொன்று, அவளை வீழ்த்துவது மட்டுமே வெற்றி என்று வைக்கவில்லை. சண்டை நடக்கும் கப்பலில் தண்ணீர் ஏறுகிறது; கீழ்த்தளத்தில் கைதிகள். எந்த மந்திரமும் அவர்களைத் தானாகக் காப்பாற்றாது. கப்பலை அடைவதற்கு முன்பே இரண்டு சிறு சண்டைகளையும் வைத்தேன். மந்திரங்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. எதைச் செலவழிப்பது, எதைச் சேமிப்பது என்று அவர்களே யோசிக்கட்டும்.

ஆனால், ஒன்றை மட்டும் செய்யவில்லை. அந்த மந்திரமே பலிக்காத எதிரியாக அவளைப் படைக்கவில்லை. ஆசையாகத் தேர்ந்தெடுத்த திறமையை மொத்தமாக அடைத்துவிட்டால் பையன் எதற்கு ஆட வர வேண்டும்?

சண்டை நாளில் அட்டைத் தடுப்பை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். எல்லாப் பகடையும் மேசை நடுவில்.

அவனுடைய முதல் மந்திரத்திற்கு எனக்கு விழுந்தது 5. “அவள் சிரிக்கிறாள். முதல் தாயத்து வெடித்துச் சிதறுகிறது,” என்றேன். முகம் வாடும் என்று பார்த்தேன். “இன்னும் ரெண்டுதான்!” என்று கத்தினான். தோழியின் மந்திரத்தில் இரண்டாவது போனது. நண்பன் ஒருவன் சண்டையை விட்டுவிட்டுக் கைதிகளை மீட்க ஓடினான். அம்பு பட்டும் அக்கா மகனின் கவனம் சிதறவில்லை. அவன் வேறொரு மந்திரத்தால் மூன்றாவது தாயத்தையும் உடைத்தான்.

ஐந்தாவது சுற்றில் மீண்டும் ‘ஹோல்ட் பர்சன்’. அவனிடம் மிச்சமிருந்ததே அது ஒன்றுதான். நான் பகடையை உருட்டினேன். ஐந்து தலைகள் மேசைமேல் குனிந்தன.

விழுந்தது 9. இரண்டைக் கூட்டினால் 11.

முறுக்கு டப்பா கவிழ்ந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சத்தம். என் வில்லி அசையாமல் நின்றாள். எழுதி வைத்திருந்த கடைசி வசனத்தை இம்முறையும் படிக்க முடியவில்லை.

எவ்வளவு விழுந்தது என்று அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை.