அங்கன்வாடிகளில் ஆண் பணியாளர் இன்மை

வத்தலக்குண்டுப் பகுதியில் பலரும் 'பால்வாடி' என்றே சொல்லும் அங்கன்வாடி மையங்களில் ஆண் ஆசிரியரைக் காண முடியாது. ஆண்கள் விண்ணப்பிக்க முன்வராதது இதற்குக் காரணமன்று, விண்ணப்பிக்கவே இயலாது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் பணியாளர், உதவியாளர் ஆகிய இரு பணியிடங்களும் பெண்களுக்கே உரியவை.

பணியாளரின் வேலை பாட்டும் கதையும் சொல்லித் தருவதோடு முடிவதில்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்துமாவு வழங்க வேண்டும். வீடு வீடாகச் சென்று உடல்நலம் விசாரிக்க வேண்டும். உள்ளூர்ப் பெண் ஒருவரிடம்தான் தாய்மார்கள் கூச்சமின்றிப் பேசுவார்கள் என்ற எண்ணத்தில் அமைந்த திட்டம் இது. தமிழ்நாட்டில் கணவரை இழந்தோருக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் நியமனத்தில் முன்னுரிமை உண்டு. ஆண்களுக்கும் இப்பணியைத் திறந்துவிட்டால் வாய்ப்பை இழப்பவர்கள் பெரும்பாலும் இவர்களே.

ஆனால், குழந்தை வளர்ப்பு பெண்ணின் இயல்பான கடமை என்ற நினைப்பை இதே விதி வலுப்படுத்துகிறது. குறைந்த ஊதியத்துக்கும் அந்நினைப்பே சாக்காகிறது. ஒன்றிய அரசு தருவது சம்பளம் அன்று, மதிப்பூதியம். பணிக்கொடை பெறும் உரிமைகூட 2022-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால்தான் உறுதியானது.

தடையை நீக்கினால் மட்டும் ஆண்கள் வந்துவிடுவதில்லை. மழலையர் பள்ளிகளில் 20 விழுக்காடு ஆண்கள் என்று இலக்கு வைத்த நார்வே, பல ஆண்டு முயற்சிக்குப் பின்னும் ஏறத்தாழ 10 விழுக்காட்டிலேயே நிற்கிறது.