ரங்கூன் விழுந்தது, லயத்து அடுப்பு மாறியது

பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் எந்த லயத்து வாசலில் நின்றாலும் மா பிசைந்து தட்டும் சத்தம் கேட்கும். தடித்த ரொட்டி, இடித்த சம்பல், சாயத் தண்ணி. பகல் சாப்பாட்டுக்கும் அதே ரொட்டிதான் மடித்து மலைக்குப் போகிறது. இதுவே நம் பரம்பரைச் சாப்பாடு என்று இன்றைய பிள்ளைகள் நம்புகிறார்கள். எங்கள் அப்பாயி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "அது சண்டைக் காலத்துல வந்த மா" என்பார். அவருடைய தாய் தகப்பன் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தபோது அறிந்திருந்தது நெல்லும் கம்பும் கேழ்வரகும்தான்.

இரண்டாம் உலக யுத்தம் ஏன் மூண்டது என்பதை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அது ஊவா மலைக்குள் எந்த வழியாக நுழைந்தது என்பது நான் படித்த புத்தகத்தில் இல்லை. அரிசி மூட்டை வழியாகத்தான் நுழைந்தது.

யுத்தத்துக்கு முன் இலங்கை சாப்பிட்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதி பர்மா அரிசி. தோட்டங்கள் அதை வாங்கித் தொழிலாளிக்கு அளந்து போட்டுவிட்டுச் சம்பளத்தில் கழித்துக்கொண்டன. 1942 மார்ச் 8ஆம் திகதி பர்மாவின் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டு போட்டார்கள். பதுளையில் ஒரு குண்டும் விழவில்லை. ஆனால் பர்மா அரிசி நின்றுபோனது. கூப்பன் வந்தது. குறைந்த அரிசிக்கு ஈடாகக் கப்பலில் வந்த கோதுமை மாவைக் கொடுத்தார்கள்.

கிராமத்துக்காரருக்கு வயல் இருந்தது, குரக்கன் போடச் சேனை இருந்தது. லயத்து மக்களுக்கு வாசற்படி வரைக்கும் தேயிலை. பிரிட்டன் அந்தத் தேயிலையை மொத்தமாக வாங்கித் தன் சனங்களுக்கும் படைகளுக்கும் பங்கிட்டது. யுத்தத்துக்கு வேண்டிய பொருளை விளைவித்தவர்களுக்குத் தங்கள் வயிற்றுக்கு வேண்டியதை விளைவிக்கச் சொந்தமாக ஒரு சாண் மண்ணும் கிடையாது.

அவர்கள் வாய்மூடிப் பொறுத்துக்கொண்டிருப்பவர்களும் அல்ல, ரங்கூன் விழுமுன்பே அதைக் காட்டினார்கள். யுத்தம் தொடங்கியதுமே சாமான் விலை ஏறியது, சம்பளம் ஏறவில்லை. 1940இல் மலையகமெங்கும் பரவிய வேலைநிறுத்தங்களில் ஊவாவின் பெயரைப் பதித்தது பதுளைக்குப் பக்கத்து வெவெஸ்ஸ தோட்டம். தொழிலாளர்கள் தாங்களே ஒரு குழுவைத் தெரிந்தெடுத்தார்கள். அந்தக் குழுவைக் கேட்டே காரியம் பார்ப்பதாகத் துரையே ஒப்புக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த பொலிஸ்காரரின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்தார்கள் என்றும் பதிவாகியிருக்கிறது. பிறகு அடக்குமுறை வந்தது, கூடவே பெருவெள்ளமும் வந்து ஊவாவை மற்றப் பகுதிகளிலிருந்து துண்டித்தது. அந்த ஜூனில் அவர்களோடு நின்ற இடதுசாரித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். வெவெஸ்ஸ பற்றித் தெரிந்த இளைஞர் ஒருவரைப் பதுளை பஸ் நிலையத்தில் தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டார்.

முதலாம் உலக யுத்தத்தின் சுவடு எங்கே என்று கேட்டால் தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தைக் காட்டுவார்கள். இரும்பெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்தே 1921இல் கட்டி முடித்தார்கள் என்பது ஊர்க்கதை. தியத்தலாவைக்குப் போனால், அதற்கும் முன்னே 1900இல் தென்னாபிரிக்காவிலிருந்து போவர் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த முகாமின் கதையைச் சொல்வார்கள். இவற்றைப் பார்க்க உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். எனக்கு லயத்து அடுப்புத்தான் பெரிய சுவடு.

ஏனென்றால் யுத்தம் 1945இல் முடிந்தும் மா திரும்பிப் போகவில்லை. 1948இல் லயத்து மக்களின் குடியுரிமை போனது. வோட்டு இல்லாத அந்தக் காலத்தில் அவர்கள் நிலம் கேட்டால் யார் காதில் விழுந்திருக்கும்? 1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் யுத்தம் வந்து எண்ணெய் விலை எகிறியபோது, உலகச் சந்தையில் தானிய விலை ஏற்கெனவே ஏறியிருந்தது. பங்கீட்டு மாவும் குறைந்தது. தோட்டத்துச் சனம் பட்டணத் தெருக்களில் கையேந்தியதும், பட்டினியால் செத்ததும் 1974இன் கதை. அந்தப் பஞ்சத்தைப் பேசும்போது இன்றும் குரல் தாழ்த்திக்கொள்ளும் பெரியவர்கள் எங்கள் லயத்தில் இருக்கிறார்கள்.

2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேனுக்குள் படை நடத்தியது. இரண்டும் உலகத்துக்குக் கோதுமை விற்கும் நாடுகள். அந்த ஆண்டிலேயே ஒரு கிலோ மா 400 ரூபாயை எட்டியபோது தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாய். டொலர் இல்லாமல் போனதுதான் முதற்காரணம் என்று பொருளியலாளர்கள் சொல்வார்கள், அதிலும் உண்மை உண்டு. விடியுமுன் வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு ரொட்டிதான் கைக்கு எளிது என்பாரும் உண்டு. சரி. ஆனால் ரொட்டியோடு தொட்டுக்கொள்ளச் சம்பலைத் தவிர வேறெதுவும் இல்லாத வீட்டுப் பிள்ளையின் உடம்பு என்னவாகும்? 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 வீதம். தோட்டப் பகுதியில் சுமார் 32 வீதம்.

எண்பது வருடத்துக்கு முந்திய ஒரு யுத்தம் அந்தப் பிள்ளைகளின் எலும்பில் இன்னும் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். அடுத்த யுத்தம் எந்தக் கடலில் தொடங்கினாலும் முதலில் காலியாகப் போவது மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் உள்ள மாப் பானைதான். தனிவீட்டுக்கென்று கொடுப்பது சில பேர்ச் நிலம்தான். வீடு எழும்பியபின் அதில் நாலு கீரைப் பாத்தி போடலாம், ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்ப முடியாது. தேயிலைத் தூர் செத்துக் காடேறிக் கிடக்கும் மலைகள் ஊவாவில் கண்முன்னே இருக்கின்றன. அடுத்த முறை வோட்டுக் கேட்டு லயத்துக்கு வருபவரிடம், குரக்கனும் மரவள்ளியும் போட ஒரு குடும்பத்துக்கு எத்தனை பேர்ச் தருவீர்கள் என்று கேளுங்கள்.