நின்ற இடத்தில் ஓடும் பொறி

விடியற்காலையில் திறவுகோலைத் திருப்பியதும் தொடக்க மின்னோடி பொறியை நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று வேகத்தில் சுழற்றுகிறது. தொழிற்சாலையில் செய்தபடியே இருக்கும் கார் ஓரிரு நொடிக்குள் பற்றிக்கொண்டு, 800 சுற்றை ஒட்டி அமைதியாக நிலைகொள்ளும். பந்தயத் தடத்துக்கென மாற்றியமைத்த கார் அவ்வாறு எழுவதில்லை. இருமுகிறது, பற்றுவதுபோல் பற்றி அணைகிறது, நான்காம் முறை எழுந்த பின்னும் உடல் குலுங்க 600க்கும் 1,300க்கும் இடையே ஊசலாடுகிறது. மிதியிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. "ஐடிலிங் நிக்கல" என்பது பட்டறை வழக்கு. வண்டியை நகர்த்தாமல், தன் உராய்வையும் மின்னாக்கியையும் மட்டும் சுமந்து பொறி ஓடும் அந்நிலையை இங்கே வெற்றோட்டம் என்போம்.

வெற்றோட்டத்தை எளிய வேலை என்று எண்ணுவோர் பலர். பொறி செய்யும் வேலைகளுள் அதுவே மிகக் கடினமானது என்பது என் துணிபு. கோவையில் நண்பரின் பட்டறையில் நான் உடனிருந்து பார்த்த பொறியைக் கொண்டே இதை விளக்குகிறேன். மாருதி எஸ்டீமிலும் முதல் ஸ்விஃப்டிலும் இருந்த 1298 கன செ.மீ. பொறி அது, நான்கு உருளைகள், 16 வால்வுகள், உருளையின் விட்டம் 74 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 75.5 மி.மீ. நிமிடத்துக்கு 850 சுற்றில் ஓடும்போது அதன் ஒவ்வோர் உருளையிலும் நொடிக்கு ஏழு முறை தீ மூள்கிறது. ஒவ்வொரு முறையும் எரியும் பெட்ரோல் ஏறத்தாழ 5 அல்லது 6 மில்லிகிராம். ஒரு நீர்த்துளியை ஆறாகப் பகுத்தால் அதில் ஒரு கூறுகூட இராது. அச்சிறு துளியில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் பொறியின் குரல் மாறிவிடும். விரைந்து ஓடும் பொறிக்குச் சுழல் சக்கரத்தின் (ஃப்ளைவீல்) உந்தம் துணை நிற்கிறது. ஓர் எரிப்பு தவறினால் யாரும் அறியமாட்டார்கள். வெற்றோட்டத்தில் ஓர் எரிப்பு தவறினால் இருக்கையில் இருப்பவரின் முதுகுக்குத் தெரியும்.

இப்பொறியில் செய்த மாற்றங்கள் மூன்று. வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் நெம்புருள் தண்டு (கேம் ஷாஃப்ட் என்று பட்டறையார் சொல்வது), பெரிய எரிபொருள் தெளிப்பான்கள், நாமே எண்களை எழுதக்கூடிய கட்டுப்பாட்டுக் கணினி. இம்மூன்றில் சிக்கலின் வேர் முதலாவதில் இருக்கிறது. கழிவளி வெளியேறி முடியும் வேளையில் உள்வால்வும் வெளிவால்வும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். 6,000 சுற்றில் இந்த இணைதிறப்பு நன்மை செய்கிறது. வெளியேறும் வளியின் விசையே புதுக் காற்றை உள்ளே இழுக்கிறது. வெற்றோட்டத்தில் நிலைமை தலைகீழ். மிதியோடு திறந்து மூடும் காற்றிதழ் மூடியிருப்பதால் உள்ளிழுப்புக் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்களவே இருக்கிறது. வெளியேற்றக் குழாயிலோ முழுக் காற்றழுத்தம். இரு வாயில்களும் திறந்த நொடியில் எரிந்த புகை உள்ளிழுப்புக் குழாய்க்கே திரும்பி ஓடுகிறது. அடுத்த முறை உருளை இழுக்கும் மூச்சில் பாதிப் புதுக்காற்று, மீதி பழம்புகை என்ற நிலைக்கு அருகில் வந்துவிடுகிறது. அக்கலவை மெல்ல எரியும். ஒரு முறை எரிந்ததுபோல் மறுமுறை எரியாது. நீண்ட நெம்புருள் தண்டு பூட்டிய வண்டிகள் நின்ற இடத்தில் தாளம் போடுவது இதனால்தான். அந்தத் தாளத்தைக் கேட்டு மகிழ்பவர்கள் உண்டு. எனக்கு அது மூச்சுத் திணறலாகவே கேட்கிறது.

கணினியைத் திறந்து எண்களை மாற்றுவதற்கு முன் கையால் செய்யவேண்டிய வேலை இருக்கிறது. நான்கு உருளைகளின் அமுக்கத்தையும் அளந்தோம், சமமாக இருந்தன. உள்ளிழுப்புக் குழாய்க்குள் புகை செலுத்திப் பார்த்தோம். பிரேக்குக்குச் செல்லும் ரப்பர் குழாயின் வாயில் நூல்போல் ஒரு புகைக்கோடு எழுந்தது. அழுத்தத்தை அளந்து காற்றைக் கணிக்கும் கணினி இத்தகைய கசிவையும் காற்றாகவே எண்ணி எரிபொருள் சேர்த்துவிடும். ஆகவே கலவை கெடாமல் வேகம் மட்டும் அடங்காமல் ஏறும். காற்றோட்டத்தை நேரே அளக்கும் பொறிகளில் இதே கசிவு கலவையை மெலியச் செய்யும். ஒரே ஓட்டைக்கு இருவகை நோய்க்குறி. வண்டி எவ்வகை என்று அறியாமல் மருந்து தேடுவதில் பயனில்லை. அடுத்து, தீமூட்டும் கோணத்தைக் கணினியில் 10 பாகையில் பூட்டிவிட்டு ஒளிவிளக்கை வணரித்தண்டின் (கிராங்க் ஷாஃப்ட்) கப்பிமேல் பாய்ச்சினோம். விளக்கு 14 பாகையைக் காட்டியது. இந்த 4 பாகைப் பிழையைத் திருத்தாமல் எழுதும் எந்த அட்டவணையும் பொய்யான அட்டவணையே.

தெளிப்பான்களுக்கு வருவோம். தெளிப்பான் என்பது மின்காந்தத்தால் திறக்கும் நுண்ணிய கதவு. மின்சாரம் பாய்ந்த கணத்திலேயே அது திறந்துவிடாது. ஏறத்தாழ ஒரு மில்லிநொடி கழித்தே பெட்ரோல் பாயத் தொடங்கும். நிமிடத்துக்கு 200 மி.லி. பாய்ச்சும் தெளிப்பான், முன்சொன்ன வெற்றோட்டத் துளியைத் தர 2.2 மில்லிநொடி உண்மையில் திறந்திருக்க வேண்டும். 440 மி.லி. பாய்ச்சும் பெரிய தெளிப்பானுக்கு ஒரு மில்லிநொடி போதும். திறப்புத் தாமதத்தைக் கணினியில் 0.3 மில்லிநொடி பிழையாக எழுதிவிட்டோம் என்று கொள்க. சிறிய தெளிப்பானில் அது 14 விழுக்காட்டுப் பிழை. பெரியதில் 30 விழுக்காடு. இதோடும் முடியவில்லை. தொடக்க மின்னோடி சுழலும்போது மின்கலத்தின் அழுத்தம் 10 வோல்ட் அளவுக்குத் தாழ்கிறது. அப்போது திறப்புத் தாமதம் அரை மில்லிநொடிக்கு மேலும் கூடக்கூடும். பழைய தெளிப்பானுக்குரிய அட்டவணையை அப்படியே விட்டுவைத்தால், பெட்ரோல் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் பொறி பட்டினி கிடக்கும். எங்கள் வண்டியின் தொடக்கக் கோளாற்றில் பெரும்பகுதி இந்த ஓர் அட்டவணையில் அடங்கியிருந்தது. மின்னழுத்தத்துக்கு ஏற்பத் தாமதம் மாறும் எண்களை நிரப்பியதும் நான்காம் முறை எழுந்த பொறி இரண்டாம் முறையில் எழுந்தது.

குளிர்ந்த பொறிக்கு வேறொரு தேவை உண்டு. எரிவது பெட்ரோலின் ஆவியே, நீர்மம் எரியாது. குளிர்ந்த உலோகத்தின்மேல் தெளித்த பெட்ரோலில் இலேசான கூறுகள் மட்டும் ஆவியாகும். எஞ்சியது குழாய்ச் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே தொடங்கும் நொடியில் பன்மடங்கு ஊற்றி, பற்றிய பின் சில நொடிகளுக்குச் சற்று மிகுதியாகக் கொடுத்து, குளிர்நீர் சூடேறச் சூடேறப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு இது புதிதன்று. முகப்பில் இருந்த 'சோக்' குமிழை இழுத்துத் தொடங்கி, பொறியின் ஒலியைக் கேட்டுக் கேட்டு மெல்ல உள்ளே தள்ளிய அந்தக் கையின் அறிவைத்தான் இன்று வெப்பநிலை அட்டவணைகளாக எழுதுகிறோம். அளவு மீறி ஊற்றினால் தீப்பொறிச் செருகி நனைந்துவிடும். அப்போது மிதியை முழுதும் அழுத்திக்கொண்டு சுழற்றினால் பெரும்பாலான கணினிகள் எரிபொருளை நிறுத்திவிடும்; உருளைகள் உலர வழி கிடைக்கும்.

சூடான பொறி கால் மணி நேரம் நின்றபின் எழ மறுப்பது தனி நோய். பொறியின் வெப்பத்தில் காற்று உணரி தானே சூடேறி, உள்ளே வரும் காற்று மிக வெப்பமானது, ஆகவே அடர்த்தி குறைந்தது என்று கணினிக்குச் சொல்கிறது. கணினி பெட்ரோலைக் குறைக்கிறது. தொடங்கிய முதல் அரை நிமிடத்துக்கு அந்த உணரியின் சொல்லுக்கு மதிப்பைக் குறைத்து வைப்பதே தீர்வு.

இனி, பலரை வழிதவறச் செய்யும் கருவியைப் பற்றி. வெளியேற்றக் குழாயில் பொருத்தும் லாம்டா உணரி 1976இல் வால்வோ கார்களில் அறிமுகமாகியது. அதன் அகலவீச்சு வடிவம் இன்று ஒவ்வொரு சீரமைப்பாளரிடமும் இருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவை மானியில் பார்த்துக்கொண்டே எண்களை மாற்றுகிறார்கள். எங்கள் மானி 16.5 என்று காட்டியது. அதாவது கலவை மெலிந்திருக்கிறது. பெட்ரோலைக் கூட்டினோம். மானி இன்னும் மெலிவு என்றது, மேலும் கூட்டினோம். கண் எரிந்தது. பட்டறையில் முப்பது ஆண்டு கண்ட மேஸ்திரி குழாயின் பின்னால் குனிந்து முகர்ந்துவிட்டு, "மீட்டரு லீனுன்னு காட்டுதுங்க, வாடை ரிச்சுன்னுல்ல சொல்லுது" என்றார். செருகிகளைக் கழற்றினோம். நான்கும் அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்து, விரலில் ஒட்டும் புகைப்பொடியோடு இருந்தன.

மேஸ்திரியின் மூக்கு சொன்னதே மெய். அந்த உணரி பெட்ரோலை அளப்பதில்லை. எஞ்சிய உயிர்வளியை அளக்கிறது. ஓர் உருளை எரியத் தவறினால் அதிலிருந்த உயிர்வளி முழுதும் செலவாகாமல் குழாய்க்கு வருகிறது. உணரிக்கு அது மெலிந்த கலவையாகவே தோன்றும். பெட்ரோலைக் கூட்டக் கூட்ட எரிப்பு மேலும் தவறுகிறது. மானி மேலும் மெலிவு என்கிறது. இவ்வகைப் பொறியின் வெற்றோட்டத்தில் மானியைக் கடைசிச் சான்றாகவே கொள்ள வேண்டும். உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம் எந்தக் கலவையில் மிகத் தாழ்ந்து, மிக அசையாமல் நிற்கிறதோ அதுவே பொறி விரும்பும் கலவை. எங்கள் பொறி 13.5ஐ ஒட்டிய அளவில் அமைதியடைந்தது.

ஊசலாட்டம் மட்டும் எஞ்சியது. அதைத் தீப்பொறியால் அடக்கினோம். வேகம் தாழும்போது காற்றைக் கூட்டினால் அது குழாயை நிரப்பி உருளையை அடையச் சில சுற்றுகள் ஆகும். அதற்குள் வேகம் மேலும் தாழ்ந்திருக்கும். பின் அளவுகடந்து ஏறும். தீப்பொறியின் கோணமோ அடுத்த எரிப்பிலேயே விளைவு காட்டும். 950 சுற்றில் 16 பாகை, வேகம் 850க்குத் தாழ்ந்தால் 21, 1,050க்கு ஏறினால் 11 என்று எழுதினோம். தளரும் பொறிக்குத் தோள் கொடுத்து, மிகும் பொறியைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு இது. எரிபொருள் அட்டவணையில் வெற்றோட்டத்தைச் சூழ்ந்த கட்டங்களையும் மேடுபள்ளமின்றி நிரவினோம். பக்கத்துக் கட்டத்தில் எண் குறைந்திருந்தால், வேகம் தாழ்ந்து பொறி அக்கட்டத்துக்குள் நுழைந்ததும் பட்டினி கிடந்து மேலும் தாழும்.

950 சுற்றுக்குக் கீழே இறக்க நாங்கள் முயலவில்லை. 750இல் நிற்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் பழைய நெம்புருள் தண்டையே பூட்டிக்கொள்வது நல்லது. இன்னொன்றும் சொல்லவேண்டும். சாலையில் ஓடும் வண்டியின் பொறியை மாற்றுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டது. இங்கே எழுதியது பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிக்கே பொருந்தும்.

சூடான பொறியின் வெற்றோட்டத்தை ஒரு பிற்பகலில் சீராக்கிவிடலாம். குளிர்ந்த தொடக்கத்தை ஒரு நாளில் ஒரே ஒரு முறைதான் ஆய்ந்து பார்க்க முடியும். ஒரு முறை எழுந்த பொறி முழுதும் குளிர ஓர் இரவு வேண்டும். ஓர் எண்ணை மாற்றி, மறுநாள் காலைவரை காத்திருந்து, மீண்டும் திறவுகோலைத் திருப்புவதே முறை. எங்களுக்குப் பதினொரு விடியல்கள் ஆயின. உங்கள் வண்டியைச் சீராக்கித் தருபவர் நாளைக்கே தந்துவிடுகிறேன் என்று சொன்னால், இன்னும் ஒரு கிழமை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.