நம் வீட்டுக் கதைகளை யாருக்கு அனுப்புவது?

விவேக் நகரிலும் அல்சூரிலும் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் தாய்மார்களும் பாட்டிமார்களும் நிறையப் பேர். அவற்றை நோட்டில் எழுதி வைத்திருக்கும் சிலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இதை யாருக்கு அனுப்பலாம்?"

முன்பு இதற்குப் பதில் எளிது. 1950-ல் அழ. வள்ளியப்பா முதலியோர் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்ட காலந்தொட்டு, ஒரு கதையைத் தபாலில் போட ஏதாவது ஒரு சிறுவர் பத்திரிகை இருந்தது. அம்புலிமாமா போன்றவை நின்றுபோன பிறகு வாசல் இணையத்துக்கு மாறியிருக்கிறது. அதில் ஒரு வாசல் நம் ஊரிலேயே இருப்பது பலருக்குத் தெரியாது.

2004-ல் பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015-ல் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தைத் திறந்தது. யாரும் கட்டணமின்றிப் பதிவு செய்துகொண்டு, அங்குள்ள படங்களிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து, தமிழிலேயே கதை எழுதி வெளியிடலாம். பிற மொழிக் கதையைத் தமிழாக்கவும் செய்யலாம். வாசிப்புத் திறனைப் பொறுத்து நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலைக்குப் பக்கத்துக்கு ஓரிரு வரி போதும். அந்த ஓரிரு வரிதான் கடினம் என்பதை எழுதிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் ஒன்றை நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும். அங்கே வெளியாகும் கதைகள் திறந்த உரிமத்தில் வருகின்றன. உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும் அதை அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. நிறைய குழந்தைகளிடம் கதை போய்ச் சேர வேண்டும் என்பவருக்கு இது நல்ல வழி. புத்தகமாக்கி உரிமைத்தொகை பெற நினைப்பவர் அந்தக் கதையை அங்கே இடாமலிருப்பதே நல்லது. பதிப்பகங்கள் பெரும்பாலும் வெளியாகாத கதையைத்தான் கேட்கின்றன.

சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகா போன்ற பதிப்பகங்களுக்கு நேராகவே எழுதலாம். அமெரிக்காவில் எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவே முகவர்கள் உண்டு. அவர்கள் கவனத்தைப் பெற ட்விட்டரில் ஒரே பதிவில் கதையைச் சொல்லும் 'பிட்மேட்' என்ற நிகழ்ச்சி 2021 வரை நடந்து நின்றுவிட்டது. நமக்கு அந்தச் சுற்று வேண்டாம். எனினும் கதையைச் சுருங்கச் சொல்லும் அந்த வித்தையை நாமும் கற்கலாம்.

மின்னஞ்சலில் "இது நல்லொழுக்கம் புகட்டும் கதை" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: "எட்டு வயதுக் கவிதா வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் பேசுகிறாள். தொலைந்துபோன பூனையை எந்த மொழியில் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை." யார், எங்கே, என்ன சிக்கல் என்பது இரண்டே வாக்கியத்தில் வந்துவிட்டது. இதோடு வயது வரம்பையும் சொற்களின் எண்ணிக்கையையும் சேர்த்தால் போதும். படம் வரைந்து அனுப்ப வேண்டியதில்லை. பொதுவாக ஓவியரைப் பதிப்பகமே தேடிக்கொள்ளும்.

கவிதாவைச் சும்மா சொல்லவில்லை. தமிழ்ச் சிறுவர் கதைகளில் கிராமத்துப் பிள்ளையும் சென்னைப் பிள்ளையும் வருகிறார்கள். நம் தெருப் பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. இங்கே தமிழ் படிக்கத் தயங்கும் குழந்தை, தன்னைப் போல ஒருத்தி கதையில் வந்தால் இன்னும் ஒரு பக்கம் புரட்டும் என்று நம்புகிறேன்.

"உங்கள் கதை தேர்வாகிவிட்டது, அச்சுச் செலவுக்கு இவ்வளவு அனுப்புங்கள்" என்று பதில் வந்தால் அது தேர்வு அல்ல, வியாபாரம். சொந்தச் செலவில் போடுவது தவறில்லை. தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவே.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருப்பவர்கள் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே அனுப்புங்கள். இல்லாவிட்டால் அங்கே திறப்பவருக்கு வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்.