கடைசி நூறு கிலோமீட்டர்

ஆடி மாதத்துக் காலை. ஒரு மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதற்காகச் சென்னையிலிருந்து கோவைக்குச் செல்லும் சைக்கிள் குழுவில் நீங்களும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாட்களில் சுமார் 400 கிலோமீட்டர் கடந்து, நேற்றிரவு குமாரபாளையத்தில் தங்கினீர்கள். இன்னும் 100 கிலோமீட்டர்தான் பாக்கி.

தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறுகிறீர்கள். எதிர்க்கரையில் பவானி. ஆனால் வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கிறது! கால்களோ கெஞ்சுகின்றன. முக்கால் கிணறு தாண்டிய பிறகு ஏன் இந்தச் சோதனை?

முதல் காரணம், காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஓர் இடைவெளி உண்டு. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக் காலத்தில் அதன் வழியே நுழையும் காற்று கொங்குச் சமவெளியில் வீசுகிறது. மேற்கு நோக்கிச் செல்லும் உங்களுக்கு அது எதிர்க்காற்று. ஆற்றுப் பாலத்தில் அதைத் தடுக்க மரமும் இல்லை, வீடும் இல்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோமா? காற்றில்லாத நேரத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். இப்போது அதே வேகத்தில் காற்றும் எதிரே வீசினால், உங்கள் மீது மோதும் காற்றின் வேகம் 40 கிலோமீட்டர். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயரும். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு!

இரண்டாவது காரணம், உடலின் எரிபொருள். நம் தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் சுமார் 400 முதல் 500 கிராம் வரை சேமிக்கப்பட்டிருக்கும். ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி வீதம், ஏறத்தாழ 2000 கிலோகலோரி. நாள் முழுதும் மிதித்தால் இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மீண்டும் நிரம்ப ஒரு நாளாவது ஆகும். ஓய்வின்றித் தினமும் மிதித்தால் பற்றாக்குறை நாளுக்கு நாள் கூடும். ஆகவே இட்லியும் வாழைப்பழமும் வழியிலேயே சாப்பிட வேண்டும். வியர்வையோடு உப்பும் போவதால், உப்பிட்ட மோர் நல்லது.

காற்றை என்ன செய்வது? இங்கேதான் குழு உதவுகிறது. முன்னால் செல்பவர் காற்றைப் பிளந்துகொண்டு போகிறார். அவருக்குப் பின்னால் காற்றின் வேகம் குறைந்திருக்கும். ஒட்டிப் பின்தொடர்பவருக்கு உழைப்பில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். முன்னவர் சில நிமிடங்களில் களைத்துவிடுவார். உடனே அவர் பின்னுக்கு வர, அடுத்தவர் முன்னே போவார். பலமுள்ளவர் சற்று அதிக நேரம் முன்னே நிற்பார். மிகவும் களைத்தவர் நடுவிலேயே வரலாம். பன்னிரண்டு பேரும் ஒன்றாகக் கோவை சேரலாம். தனியே முந்திச் சென்றவரோ முழுக்காற்றையும் தாமே சுமக்க வேண்டும்.

நண்பர்களே, ஓர் எச்சரிக்கை! முன் சக்கரத்தை ஒட்டிச் செல்லப் பயிற்சி வேண்டும். முன்னவர் சட்டென்று பிரேக் பிடித்தால் அனைவரும் விழுவீர்கள். லாரிக்குப் பின்னால் இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

1980இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில்லி ஸ்டார் என்பவர் இப்படி ஒரு பயணத்தைத் தொடங்கினார். தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 36 பேர் சைக்கிளில் சென்று, புற்றுநோய் ஆராய்ச்சிக்காக 10,200 டாலர் திரட்டினார்கள். ஆண்டுதோறும் தொடரும் அந்தப் பயணத்தின் மொத்த நிதி இன்று 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. நம் நாட்டிலும், தொழுநோயாளருக்காக வாழ்ந்த பாபா ஆம்தே 1985 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட இளைஞர்களோடு கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரை நோக்கிப் புறப்பட்டார். நாட்டு ஒற்றுமைக்காக அந்த இளைஞர்கள் சைக்கிள் மிதித்தார்கள்.

அடுத்த முறை எதிர்க்காற்றில் பள்ளிக்குப் போகும்போது பின்னால் திரும்பிப் பாருங்கள். திணறிக்கொண்டு வரும் நண்பருக்குச் சற்று நேரம் முன்னே செல்லுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்குக் காற்று குறையும்!